சிணுங்கல் இருக்கட்டும்

அன்புள்ள பாப்பா,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். அப்பாவும் நலம் என்று வழக்கம்போல் சேர்த்து எழுதிவிடலாம், ஆனால் அந்தப் பாதியை இந்தக் கடிதம் முடியும்போதுதான் உறுதியாகச் சொல்ல முடியும், அதனால் இப்போதைக்குக் காலியாக விடுகிறேன். பயப்படாதே. இன்று காலை மலைக்குப் போயிருக்கிறார், மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக, தனியாக. நான் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு சாப்பாட்டு மேஜையில் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு பக்கத்திலேயே இருக்கிறது, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு யாருக்கோ மதிப்பெண்ணை வாரி வழங்கிவிடுவேன் போல இருந்தது, அதனால் மூடி வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் உன் குரல் கேட்டதும் அப்பா ஸ்பீக்கரில் போட்டு, நீ என்னைக் கேட்கிற கேள்விக்கும் அவரே பதில் சொல்லிவிடுவார், உனக்குத் தெரியாததா.

ரேடியோ வைத்த கதையை அவர் உனக்குச் சொன்ன விதத்தில் ஏதோ ராக்கெட் விட்டதுபோல் இருந்திருக்கும். அவர் விட்டுவிட்ட பகுதி ஒன்று இருக்கிறது. நீ அங்கே போன நாலாம் மாதம் ஒரு காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். ரூம் சுத்துது என்றார். பிறகு ஒன்றுமில்லை என்றார். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். முடிந்தவரை வண்டி ஓட்டாதீர்கள், ஓட்டியே ஆகவேண்டும் என்றால் தனியாகப் போகாதீர்கள், இடையில் நிறுத்தி இறங்கி ஓய்வெடுங்கள், காது டாக்டர் ஒருவரையும் பாருங்கள் என்றார் அவர். வெளியே வந்ததும் அப்பா, பார்த்தியா, நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொல்லிட்டார் என்றார். மற்றதெல்லாம் அவர் காதில் விழவே இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், நானும் சரி என்றுவிட்டேன், அதற்காக நீ என்னிடம் கோபித்துக்கொள்ளலாம்.

மலையில் இருக்கிற பண்ணைகளில் பால் குளிரூட்டும் தொட்டி நின்றுபோனால் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள், போகாமல் இருக்கமாட்டார், போனால் ரெண்டாவது வளைவுக்கு மேல் செல்போன் வேலை செய்யாது. அதனால்தான் நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன், பிக்கப் வண்டியில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக ஹாம் ரேடியோ, அதாவது போன் இல்லாமலே இரண்டு பக்கமும் பேசிக்கொள்கிற பெட்டி, வைக்க வேண்டும் என்று. யோசனை உன் சின்ன மாமாவுடையது, என் தம்பி எத்தனை வருஷமாக அந்த ரேடியோ கிளப்பில் கிடக்கிறான் என்பது உனக்கே தெரியும். அதற்கு லைசென்ஸ் வேண்டும் என்பதால் அப்பாவும் நானும் ஒரே நாளில் ஒரே அறையில் உட்கார்ந்து தேர்வு எழுதினோம். ரெண்டு பேரும் பாஸ். யாருக்கு மதிப்பெண் அதிகம் என்பதை வெளியில் சொல்வதில்லை என்று எங்களுக்குள் ஒப்பந்தம், அதனால் நீயே யூகித்துக்கொள்.

மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அத்தான், பேட்டரியிலிருந்து நேரா ரெண்டு ஒயர் உள்ளே இழுக்கணும், இந்தத் தகட்டில் ஒரு ஓட்டை போட்டா போதும் என்றான். ஓட்டையா, என் வண்டியிலா, முதல்ல உன் தலையில போட்டுப் பார்க்கலாம் வா மச்சான் என்றார் அப்பா. ஊரில் உள்ள இரும்பையெல்லாம் துளைக்கிறவர், தன் வண்டி என்றால் மட்டும் அதற்கு வலிக்கும் என்று நினைக்கிறார். கடைசியில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து கரெண்ட் எடுத்தார்கள். ஆன்டெனா காந்தத்தில் கூரைமேல் ஒட்டிக்கொள்ளும் வகை, பெயின்ட் கீறிவிடும் என்று அதற்கு அடியில் என் பழைய துண்டை மடித்து வைத்தார், முதல் வளைவிலேயே அது வழுக்கி விழுந்து கேபிளில் தொங்கிக்கொண்டு விருந்தாளி மாதிரி கதவைத் தட்டியதாம். துண்டை எடுத்துவிட்டார். ஓட்டைக்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

அதன் விளைவுதான் அந்தச் சிணுங்கல். இஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குக் கரெண்ட் ஏற்றுகிற ஆல்டர்நேட்டரின் சத்தம் அந்த ஒயர் வழியாக ரேடியோவுக்குள் புகுந்து அவர் பேச்சோடு சேர்ந்து எனக்கு வந்துவிடுகிறது, இது மாமாவின் விளக்கம். அவர் பேசும்போது பின்னால் ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்து முடிவு செய்யாமல் இழுத்துக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும். வேகம் கூடினால் அதுவும் கீச்சென்று ஏறும், குறைந்தால் இறங்கும். முதலில் எனக்குப் பல் கூசியது. மலை உச்சியில் கிளப்காரர்கள் வைத்திருக்கிற கருவி அவர் பேச்சை வாங்கி இங்கே அனுப்புகிறது, கிளப்பில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், அதனால் சண்டை போட வழியில்லாமல் மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம். பட்டனை அழுத்திக்கொண்டு பேச வேண்டும், முடிந்ததும் ஓவர் என்று சொல்லிக் கையை எடுத்தால்தான் அடுத்தவர் பேச முடியும். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னை மேடம் என்று கூப்பிடுவது இப்போதுதான். வீட்டிலும் பழக்கம் விடவில்லை, மேடம் கொஞ்சம் ரசம், ஓவர் என்கிறார். ஊரெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவர் வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவு கயிறு கட்டி நிற்கிறது, அதைப் பற்றிப் பேசினால் மட்டும் சிக்னல் இல்லை என்கிறார்.

சில வாரம் போனதும் எனக்கு ஒன்று புரிய ஆரம்பித்தது. ஓரமா நிறுத்தி டீ குடிச்சிட்டிருக்கேன் மேடம், ஓவர் என்பார். பின்னால் சிணுங்கல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறும். ஒரு தடவை நடந்தால் அது தற்செயல் என்று வகுப்பில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான், அதனால் உடனே எந்த முடிவுக்கும் வரவில்லை, கவனித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் வேறு வழியில்லாமல் முடிவுக்கு வந்தேன், அவர் டீ குடித்ததாகச் சொன்ன நேரங்களில் வண்டி டாப் கியரில் டீ குடித்துக்கொண்டிருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே ஓட்டையைப் போட்டு ஒயரை மாற்றிவிடுவார், எனக்கு அவர் வார்த்தை மட்டும்தான் மிஞ்சும். முன்பெல்லாம் அவர் மலைக்குப் போனால் சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் தெரியாது, தெரியாததாலேயே என் வேலையைப் பார்ப்பேன். இந்தப் பெட்டி வந்த பிறகு அது சத்தமில்லாமல் இருக்கிற நேரம் ஒவ்வொன்றுக்கும் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

இப்போதும் அப்படித்தான். இந்நேரம் ரெண்டாவது வளைவைத் தாண்டியிருக்க வேண்டும். இன்னும் கூப்பிடவில்லை. வழியில் யாராவது பிடித்துக்கொண்டு பேசியிருப்பார்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு மதியம் கூப்பிட்டார். பாலத்தைத் தாண்டிட்டேன் மேடம், இறங்கிட்டே இருக்கேன், வந்திடுவேன், ஓவர் என்றார். குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. பரவாயில்லையே, இன்று தெளிவாகக் கேட்கிறதே என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த விடைத்தாளை எடுத்துவிட்டேன், பாப்பா. பிறகுதான் கையில் பேனா நின்றது. சிணுங்கலே இல்லை. இஞ்சின் ஓடவில்லை. மறுபடி கூப்பிட்டு, நிறுத்தியிருக்கீங்களா என்று கேட்டேன். இல்லையே, ஓட்டிட்டுத்தான் இருக்கேன் என்றார், அதுவும் அதே சுத்தமான குரலில். இத்தனை நாள் ஓட்டிக்கொண்டே நிறுத்திவிட்டேன் என்று சொன்ன மனுஷன் நிறுத்திக்கொண்டு ஓட்டுகிறேன் என்று சொன்னால் எனக்கு வேறென்ன தோன்றும். மாமாவைக் கூப்பிட்டேன், ஏன் எதற்கு என்று கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு வந்தான், ரெண்டு பேரும் மலை ஏறினோம். பாலத்துக்குக் கொஞ்சம் மேலே பிக்கப் ஓரமாக நின்றது, கதவு திறந்திருந்தது, அப்பா தரையில் உட்கார்ந்து சக்கரத்தில் சாய்ந்திருந்தார். கண்ணைத் திறந்தால் மலையே சுற்றுகிறது என்று மூடிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் வாந்தி. எங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறக்காமலே, உங்களுக்கு யார் சொன்னது என்றார். நீங்கதான் சொன்னீங்க என்றேன்.

பிறகு காது டாக்டரிடம் போனோம், இந்தத் தடவை மறுபேச்சு இல்லை. உள்காதில் ஏதோ துகள் இடம் மாறியிருக்கிறதாம், கட்டிலில் படுக்கவைத்துத் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பியே பெரும்பாலும் சரிசெய்துவிட்டார். திரும்பவும் வரலாம், வராமலும் போகலாம் என்றார், எனக்குப் பிடித்த மாதிரி நேர்மையான பதில். போன வாரம் மறுபடி பார்த்துவிட்டு ஓட்டலாம் என்று சொல்லியிருக்கிறார், நிறுத்தி நிறுத்தி. வீட்டில் இருந்த நாட்களில் உன் அப்பா செய்த முதல் காரியம், டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, மச்சான் எங்கேயோ நான் போகிற இடத்தைக் காட்டிக்கொடுக்கிற கருவியை ஒளித்து வைத்திருக்கிறான் என்று தேடியது. மாமா தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் நம்பவில்லை. காட்டிக்கொடுத்தது சிணுங்கல்தான் என்று நான் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் நீ அனுப்பிய பார்சல் வந்தது. ரேடியோவுக்குள் வருகிற சிணுங்கலை வடிகட்டுகிற அந்தச் சின்ன ஃபில்டர், அவர் கேட்டு நீ அனுப்பியது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார், நான் வாங்கி விடைத்தாள்களுக்கு அடியில் வைத்தேன். உன்மேல் எனக்கு வருத்தமில்லை, நீ நல்லதென்று நினைத்துத்தான் அனுப்பினாய். ஆனால் நேற்று, அவர் கிளம்புவது உறுதியானதும், எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மறைப்பதைக் கண்டுபிடிக்க நான் ஒன்றை மறைத்து வைப்பதில் என்ன நியாயம். எடுத்துக் கொடுத்துவிட்டேன், காரணம் எதுவும் சொல்லாமல். வாங்கினார், விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், எப்ப வந்தது என்றார். கொஞ்ச நாளாச்சு என்றேன். என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். பாப்பா நல்ல சாமானாத்தான் அனுப்பியிருக்கா என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். பானெட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்க்கவில்லை.

இரு, கூப்பிடுகிறார்.

பேசிவிட்டேன். ரேடியோ திறந்ததும் முதலில் கேட்டது அவர் குரல் இல்லை, சிணுங்கல். அப்படியே இருக்கிறது, ஒரு குறையும் இல்லாமல். குட் மார்னிங் மேடம் என்றார், பாலத்துக்கிட்ட வந்துட்டேன், ஓரமா நிறுத்தப் போறேன் என்றார். ஆனால் ஓவர் சொல்லவில்லை, பட்டனிலிருந்து கையையும் எடுக்கவில்லை. சிணுங்கல் மெதுவாக இறங்கி இறங்கி முனகலாகிக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினார், அதுவும் போனது. ஒன்றுமில்லை, காற்று மட்டும், கதவு திறக்கிற சத்தம், எங்கோ ஒரு மாடு. அத்தனைக்கும் பிறகுதான், கேட்டுச்சா மேடம், ஓவர் என்றார். கேட்டது என்றேன். அதற்குமேல் நான் என்ன சொல்லியிருப்பேனோ, நடுவில் கிளப்காரர் யாரோ ஒருவர் புகுந்து, அண்ணே உங்க வண்டி சத்தம் ரொம்ப உள்ளே வருது, ஒரு ஃபில்டர் போட்டீங்கன்னா சரியாயிடும் என்றார். தெரியும், என்கிட்டயே இருக்கு, இந்தச் சத்தம் இருக்கட்டும் என்றார் அப்பா.

ஆரம்பத்தில் காலியாக விட்ட இடத்தில் அப்பாவும் நலம் என்று எழுதிக்கொள். இந்த நேரம் வரைக்கும் என்றும் சேர்த்துக்கொள், இன்னும் நாலு பண்ணை பாக்கி இருக்கிறது. ஃபில்டரைப் பற்றி அவரிடம் கேட்காதே, பொருத்தியாச்சு, சுத்தமா கேட்குது என்று அவராகவே உன்னிடம் அளந்தால் சரிப்பா என்று சொல்லிவிடு. காதில் பாட்டுக் கேட்கிற அந்தக் குமிழை மாட்டிக்கொண்டு தெருவைக் கடக்காதே. காலையில் வெறும் காபியோடு ஓடாதே. உனக்கு உடம்புக்கு ஒன்று என்றால் எங்களிடம் மறைக்காதே, நாங்கள் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம். எங்கள் ரெண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, போன இடத்தில் மனசு குறையாமல் நல்லபடியாக இரு.

உனக்கு ஒரு காதும் ரேடியோவுக்கு ஒரு காதுமாக,
உன் அம்மா