நசீமா நிமிர்ந்து நிற்க ஒரு கூரை

என் அருமைச் சிக்கந்தரே, படகுப் பைத்தியமே, என்னையும் அந்தப் பைத்தியத்தில் சேர்த்துவிட்டு முந்திக்கொண்டு போன என் மச்சானே,

முதலில் ஒரு செய்தி. நானும் வசந்தியும் குரோம்பேட்டை வீட்டைப் பூட்டிவிட்டுப் படகிலேயே குடியேறிவிட்டோம். நாம் கட்டிய பாய்மரப் படகு இன்னும் கடலுக்குப் போகவில்லை. கோவிலம்பாக்கத்தில் உன் மனையில், நீ நிறுத்தி வைத்த அதே இரும்புக் கால்களின் மேல்தான் நிற்கிறது. ஏணி போட்டு ஏறி, தரையிலிருந்து எட்டடி உயரத்தில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். நேற்று பார்சல் கொண்டுவந்தவர் போனில் கத்தினார்: "சார், லொகேஷனுக்கு வந்துட்டேன். இங்க ஒரு போட்டுதான் சார் கீது, வூட்டக் காணோம்!" அதுதான் வீடு, ஏறி வாருங்கள் என்றேன். மனிதர் ஏறவில்லை. ஏணியின் முதல் படியில் பார்சலை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நீ போன பிறகு இந்தப் படகின் பக்கமே நான் வரவில்லை. உன் சுத்தியல் அதன் இடத்தில் கிடந்தது, அதைப் பார்க்கத் தெம்பில்லை. பிறகு கோவாவிலிருந்து ஒருவர் வந்து, படகை அப்படியே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பாதி உன்னுடையது, ஆகவே இப்போது உன் நசீமாவுடையது. அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் என்று நான் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

நசீமா வந்தாள். எத்தனை வருடமாக நாம் இந்தப் படகைத் தட்டிக்கொண்டிருந்தோம்! அவள் ஏணியில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. பின்பக்கம், சுக்கான் பிடித்து உட்காரும் காக்பிட் குழியில் இறங்கினாள். வெயிலும் அலையும் அடிக்காமல் இருக்க நீ பிளைவுட்டில் போட்டாயே ஒரு கூரை, நீயே மெச்சிக்கொண்ட அந்தக் கூரை, அதில் நங்கென்று மண்டையை இடித்துக்கொண்டாள்.

"அண்ணா, நாம நாலு பேரும் இதுலயே இருக்கப் போறோம்னு அவர் சொல்வாரே. இதுல நான் எங்க நின்னு தொழுவேன்?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முட்டி வலி வந்ததிலிருந்து நீ நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதாய். அளவெடுத்தபோது உட்கார்ந்தே அளந்தாய். நானும் எதிரில் உட்கார்ந்து "சூப்பர், தலைக்கு மேல ஒரு ஜாண் இருக்கு" என்றேன். கீழே அறையிலும் குனிந்துதான் நடக்க வேண்டும். உன்னைவிட நாலு விரல் உயரமான பெண்டாட்டியை ஒரு தடவையாவது இங்கே நிறுத்திப் பார்த்தாயா? அதை விடு, நான் கேட்டேனா?

வசந்திதான் மெதுவாக, "கடல்ல ஆடும்போது உக்காந்து தொழலாம்னு சொல்வாங்களே நசீமா" என்றாள்.

"ஓடும்போது சரிக்கா. நங்கூரம் போட்டு சும்மா நிக்கிற போட்ல, காலு நல்லா இருக்கறவ உக்காந்து தொழ எனக்கு மனசு வராது. இடமில்லாத வீட்டுக்கு நான் எப்படி வர்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. கோவாக்காரருக்குப் பதில் சொல்ல ஒரு மாதம் அவகாசம் வாங்கினேன். கூரையைச் சரிசெய்ய மறுநாளே படகில் குடியேறிவிட்டேன். என்ன ஏது என்று கேட்காமல் வசந்தியும் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், பாவம்.

இனி நான் செய்த கூத்தைக் கேள். உன் கூரையைக் கழற்றி, நாலு புதுக் குழாய் வைத்து ஒன்றரை அடி உயர்த்தினேன். ஆறு நாள் வேலை. ஏழாம் நாள் நான் அதன் கீழே நின்று சோம்பல் முறித்துக் காட்டியபோது வசந்தி காப்பியோடு வந்து நிமிர்ந்து பார்த்தாள். "படகுப் பாயோட அடியில ஒரு கம்பு இப்படியும் அப்படியும் சுத்தும்னு சொன்னீங்களே. அது எங்க?"

பூம்! அந்தக் கம்புக்குப் பெயர் அதுதான். பாய்மரத்தை இறக்கி மதிலோரம் படுக்கப் போட்டிருந்தோம் அல்லவா, அதோடு சேர்ந்து பூமும் அங்கேதான் கிடந்தது. எனக்கு அது ஞாபகமே இல்லை. ஒரு சவுக்குக் கம்பை அதே உயரத்தில் கட்டிச் சுற்றிப் பார்த்தேன். முதல் சுற்றிலேயே புதுக் கூரையின் விளிம்பு பெயர்ந்து வந்தது. வசந்தி சிரித்த சிரிப்பில் பக்கத்து மாடியில் வடகம் காயப்போட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வருடம் என்னை ஓட்டியிருப்பாய். அன்று உன் நினைப்பு வந்து நானும் சிரித்தேன், கண்ணிலும் நீர் வந்துவிட்டது.

வழி சொன்னவர் கபூர் பாய். பல்லாவரத்தில் ஆட்டோவுக்கு ஹூட் தைப்பவர், உனக்கும் தெரிந்தவர்தான். மெத்தைக்கு உறை தைக்க அளவெடுக்க வந்தவர், பெயர்ந்த கூரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு சார் மொத்தத்தையும் தூக்கினு கீறீங்க? அந்தம்மா நிக்கறது ஒரு எடத்துலதான? குனிஞ்சா, சஜ்தால நெத்திய தரையில வச்சா, பழைய கூரையே மேல இடிக்காது. நிக்கற எடத்த மட்டும் வெட்டுங்க. ஆட்டோ ஹூட்டு மாரி மடங்கற துணி நான் போட்டுத் தரேன். நின்னா தூக்கிக்கோ, ஓடும்போது மடக்கிக்கோ. மேட்டர் ஓவர்."

நங்கூரம் போட்டால் பாயை இறக்கிவிடுவோம், பூமின் நுனியையும் கயிறு போட்டு மேலே இழுத்துக் கட்டிவிடலாம். அப்போது துணி எவ்வளவு எழும்பினாலும் இடிக்க ஒன்றுமில்லை. இவ்வளவுதான் விஷயம். உன் கூரையைப் பழையபடி இறக்கி மாட்டி, பின்பாதியின் நடுவில் ஒரு சதுரம் வெட்டினேன். உன் கை பட்ட பலகை அது. கபூர் பாய் இரண்டு வளைவுக் கம்பியும் கெட்டியான நீலத் துணியுமாக வந்து பொருத்தினார். மழைநீர் இறங்காமல் சுற்றிலும் ஒரு வரம்பும் வைத்தார்.

போன வெள்ளிக்கிழமை நசீமாவை வரச்சொன்னோம். அவள் துணியைத் தூக்கிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள். நான் சும்மா இருக்க முடியாமல், "தண்ணியில படகு திரும்பிக்கிட்டே இருக்குமேம்மா, மக்கா இருக்கிற கிப்லா திசைக்கு என்ன செய்வ?" என்று கேட்டுவைத்தேன்.

"அது என் பொறுப்புண்ணா. நீங்க கூரையப் பாருங்க" என்றாள். வசந்தி என்னை முறைத்தாள்.

பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நசீமா கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, தொழுகைப் பாயை விரித்தாள். நானும் வசந்தியும் கீழே இறங்கி, படகுக்கு முதுகைக் காட்டி ஏணியடியில் நின்றுகொண்டோம். மேலே எங்காவது டொக்கென்று சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். பரீட்சை ரிசல்டுக்குக்கூட நான் இப்படி நின்றதில்லை. ஒரு சத்தமும் இல்லை.

வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டாள். நிமிர்ந்து பார்த்தால், திறந்த துணிக்குக் கீழே நேராக நின்றுகொண்டிருந்தாள். அழுதிருக்கிறாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"கோவாக்காரர வேற போட் ஏதாவது பாத்துக்கச் சொல்லிடுங்கண்ணா. நான் வரேன்."

மனையைச் சுற்றி ஓடியிருப்பேன், வசந்தி சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் கடலுக்குப் போகிறோம், சிக்கந்தர். அதற்குள் அடுப்பு மேடை, அலமாரி, படுக்கை எல்லாம் பாக்கி இருக்கிறது. உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன்: இனி இந்தப் படகில் ஓர் ஆணி அடிப்பதானாலும், முதலில் நசீமாவைக் கூப்பிட்டு அங்கே நிற்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடிப்பேன்.

நசீமாவுக்கு அண்ணன், அதனால் உனக்கு என்றைக்கும் மச்சான்,
மோகன்