காலி டைரக்டரி

4.11.95, சனி

தௌசீஃப் என் டிடிபி கடையை விட்டுச் சைதாப்பேட்டையில் வேறு கடைக்குப் போகிறானாம். எட்டு மாதமாக அவன் அடித்த மருத்துவ அகராதி முடியப்போகிற நேரம் பார்த்து! போகிற போக்கில் அதை அழித்துவிட்டால்? சாயங்காலம் அவன் வீட்டுக்குக் கிளம்பியதும் மொத்தத்தையும் ஸிப் செய்து மூன்று ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டேன். கட்டளை எனக்கு எங்கே தெரியும்? முடிந்த வேலைகளைச் சுருக்கி ஃபிளாப்பியில் ஏற்ற அவன் எழுதி மானிட்டரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து அப்படியே அடித்தேன்.

6.11.95, திங்கள்

அகராதி டைரக்டரி காலி. ஒரு கோப்புகூட இல்லை. நினைத்தேன், செய்துவிட்டான். வேலைக்கு வந்ததும் தௌசீஃபைப் பிடித்துக் கேட்டேன்.

"நானே அடிச்சத நானே அழிப்பனா? இன்னாண்ணா பேசற?" என்றான்.

கீபோர்டைப் பிடுங்கி முகத்தில் அறைந்தேன். பல் தெறித்தது. கீழே விழுந்தவன் எழுந்திருக்க, திறந்திருந்த இழுப்பறையைப் பற்றினான். விரல்கள் உள்ளே இருக்கும்போதே உதைத்துச் சாத்தினேன். மறுபடியும் உதைத்தேன். அலறட்டும், துரோகி! பக்கத்துக் கடைக்காரர்கள் வந்துதான் என்னை இழுத்துப் பிடித்தார்கள்.

"ஏன்னா, சட்டையெல்லாம் ரத்தம்?" என்றாள் வீட்டில் என் மனைவி சாருலதா. நான் நேரே குளிக்கப் போனேன்.

7.11.95

ஃபிளாப்பிகளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கம்ப்யூட்டரில் விரித்தேன். ஒரு எழுத்து குறையவில்லை. என்னிடமா விளையாடுகிறான்? இன்னொரு பிரதி இருக்கட்டும் என்று அதே சீட்டைப் பார்த்து அதே கட்டளையை மறுபடி அடித்தேன். முடிந்ததும் டைரக்டரியைப் பார்த்தேன்.

காலி.

கடையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

சீட்டிலிருந்த கட்டளையில் அந்த -m! ஃபிளாப்பியில் ஏறியதும் கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிடும். முடிந்த வேலைக்கு மட்டும் போடுகிற கட்டளை; இடம் மிச்சமாகட்டும் என்று அவன் எழுதி வைத்தது. சனிக்கிழமை அழித்தது நான்தான். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். அந்தப் பையனோட கையை —

8.11.95

ஆஸ்பத்திரி வாசலில் தௌசீஃபின் அம்மா அமீனா பீ. தப்பு என்மேல்தான் என்றேன்.

"மூணு வெரலு நொறுங்கிக் கீது. இப்போ இன்னா பாக்க வந்த, மிச்சம் எத்தினி கீதுன்னா?"

27.11.95

இன்று சைதாப்பேட்டை போனேன். தௌசீஃப் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்துக்கொண்டிருந்தான். எத்தனை வேகமாக அடிப்பவன். மன்னிப்புக் கேட்டு அவன் காலைத் தொடலாம் என்று குனிந்தேன். அடிக்க எதையோ எடுக்கக் குனிகிறேன் என்று நினைத்துவிட்டான். கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு, "வேணாண்ணா, வேணாம்" என்றான்.