நூறு வருஷம் ஆனாலும் வாங்க மாட்டோம்

பிப்ரவரி 9, திங்கள்

இன்று என் குரலால் ஊரையே ஆண்டேன். மெத்தைக் கடைக்குத் தள்ளுபடி விளம்பரம். ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, "இந்த மெத்தையில் படுத்தவர் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை!" என்று முழங்கினேன். கடைக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். "அண்ணே, செத்துப்போனாங்கன்னு அர்த்தம் வருது, மாத்துங்க." கற்பனை வளம் சற்றும் இல்லாத பிறவி.

சாயங்காலம் அக்கா வீடு. மூன்றாவது மாடி ஏறுவதற்குள் எனக்கு உயிர் ஏழு தடவை போய் வந்தது. மருமகன் சிரித்தான். வீட்டுச் சாமான் கடையில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஏற்றி இறக்குகிறவன். அக்காவின் ஒரே பிள்ளை. தோளில் பட்டையைப் போட்டு இன்று தன்னந்தனியாக ஒரு ஃப்ரிட்ஜை நான்கு மாடி ஏற்றினானாம். "ஒரு சுவத்துலயும் இடிக்கல மாமா." அதுதான் அவன் பெருமை. பாரம் தூக்குவதை எவனும் செய்வானாம், இடிக்காமல் தூக்குவதுதான் வேலையாம்.

இறங்கி வரும்போது எதிர்வீட்டுக்காரரிடம், மருமகன் இரண்டு ஃப்ரிட்ஜை எட்டு மாடி ஏற்றினான் என்று சொல்லிவைத்தேன். தாய்மாமன் என்று ஒருவன் இருப்பதே இதற்குத்தானே.

பிப்ரவரி 11, புதன்

காலையில் மருமகனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். போன வாரம் அவன் வாஷிங் மெஷின் இறக்கிய வீட்டில் ஒரு சங்கிலியைக் காணோமாம். "ஒரு மணி நேரத்துல அனுப்பிடுவோம்" என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் வரை வரவில்லை.

நானே புறப்பட்டுப் போனேன். சலவைச் சட்டை, பவுடர், சகல மரியாதைகளுடன். வாசலில் நின்ற போலீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "விசாரணை நடக்குது, நாளைக்கு வாங்க" என்றார். உள்ளே ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவன் நான். எனக்கே காது அடைத்தது.

ஸ்டேஷனில் எதற்கு அவ்வளவு சத்தம்?

பிப்ரவரி 12, வியாழன்

போயிட்டான். நம்ம பையன் போயிட்டான்.

பிப்ரவரி 13, வெள்ளி

நெஞ்சுவலியாம்.

நாலு மாடிக்கு ஃப்ரிட்ஜ் தூக்கின நெஞ்சு. இருபத்துநாலு வயசு நெஞ்சு. மாட்சிமை தங்கிய இன்ஸ்பெக்டர் அவர்களின் திருச்சந்நிதியில் போய் நின்றால் கருங்கல்லுக்கும் நெஞ்சுவலி வரும்போலிருக்கிறது!

ஆஸ்பத்திரிப் பிணவறையில் முகத்தை மட்டும் காட்டினார்கள். துணி கழுத்துவரை. பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் "பாத்தாச்சுல்ல, கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். எனக்குள் என்ன ஏறியதோ, துணியைப் பிடித்து இழுத்துவிட்டேன். தோள். விலா. இரண்டு பாதங்கள். கொசுக்கடியைப் புலி கடித்ததாகச் சொல்கிற வாய் இது. பார்த்ததை அப்படியே சொல்லக்கூட அதற்கு வரவில்லை. ஏன்டா, எந்த நெஞ்சுவலி உள்ளங்காலில் கருநீலமாய் வீங்கும்?

வாசலுக்கு வந்தேன். சொந்தக்காரர்கள், மருமகனோடு வேலைபார்க்கும் பையன்கள், தெருக்காரர்கள். ஒலிபெருக்கி இல்லாமலே கத்தினேன்: "கொலைக் கேஸ் போடுற வரைக்கும், நூறு வருஷம் ஆனாலும் உடம்பை வாங்க மாட்டோம்!" மொத்தக் கூட்டமும் திருப்பிச் சொன்னது.

கடைப் பையன்கள் கூட்டிவந்திருந்த வக்கீலம்மா பிறகு என்னைத் தனியே அழைத்து, நான் உளறியது சரிதான் என்றார். "வாங்கி அடக்கம் பண்ணிட்டீங்கன்னா நெஞ்சுவலியோட கேஸ் மூடிடும். காயம் எல்லாம் அந்த உடம்புலதான் இருக்கு. வெளியூர் டாக்டர்கள் வீடியோ எடுத்து மறுபடி பரிசோதிக்கணும்னு கோர்ட்டுல கேக்கறேன். அதுவரைக்கும் தாங்குவீங்களா?"

நானா தாங்கமாட்டேன்? இமயமே சாய்ந்தாலும் நான் சாயமாட்டேன் என்றேன்.

பிப்ரவரி 14, சனி

சங்கிலி கிடைத்துவிட்டதாம். அந்த வீட்டுக் கட்டிலுக்குப் பின்னால்.



பிப்ரவரி 15, ஞாயிறு

இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி, தண்ணீர், ஏக உபசாரம். "பெரியவங்க நீங்க எடுத்துச் சொல்லணும். பையனை நல்லபடியா அனுப்பி வைங்க. உங்க அத்தானுக்கு ஆபீஸ் எதிலயாவது ஒரு வேலைக்குச் சொல்றேன்."

"வேலை பாத்துக்கிட்டிருந்தவனைத்தான் கூட்டிட்டுப் போனீங்க சார்" என்றேன்.

குரல் மாறியது. "இழுத்துக்கிட்டே போனா திருட்டுப் பட்டத்தோடதான் போவான். பாத்துக்குங்க."

"சங்கிலி கட்டிலுக்குப் பின்னாடி கிடைச்சுதே, கட்டிலை எப்ப சார் விசாரணைக்குக் கூட்டிட்டு வரப்போறீங்க? அதுக்கும் நெஞ்சுவலி வருமா?"

வெளியே வந்து பார்த்தால் ஆட்டோவில் இருந்த ஒலிபெருக்கியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். அனுமதி இல்லாத சத்தமாம். ரேடியோவுக்கு யார் அனுமதி கொடுத்தது? திரும்பும்போது வீட்டைத் தாண்டி இரண்டு தெரு போய்விட்டேன். கோபத்தில் என்று எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இமயம் சாய்ந்தது.

பிணவறையின் குளிர்ப்பெட்டி பழுதாம். அங்கே வேலைசெய்பவர் என் காதோடு சொன்னார்: "ஐயா, உங்க நல்லதுக்குச் சொல்றேன். இதுக்கு மேல பையன் பையனா இருக்க மாட்டான்." பழுதானதா, பழுதாக்கினார்களா? யாரைக் கேட்பது? என்னால் தாங்க முடியவில்லை. அவனை அப்படி விட முடியாது. மூன்று மாடி ஏறி அக்காவிடம் போனேன்.

"அக்கா, போதும்க்கா. கையெழுத்துப் போட்டு வாங்கிடுவோம்."

அக்கா அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நூறு வருஷம்னு சொன்னது யாரு?"

"அது... ஒரு வேகத்துல வந்த வார்த்தைக்கா."

"இன்னும் ஒரு வாரம்கூட ஆகலையேடா."

"பெட்டி ஓடலையாம். உடம்பு..."

"என் பிள்ளைடா அவன். உடம்பு உடம்புங்கற." சட்டையைக் கீழே வைத்தாள். "சின்ன வயசுலேருந்து எத்தனை அளந்திருப்ப? கப்பல் வாங்கினேன்ன, மந்திரி கூட விருந்து சாப்பிட்டேன்ன. நான் ஒருநாளாவது கேட்டிருக்கேனா? இந்த ஒண்ணாவது நிஜமாகட்டும். வாயைத் திறந்து சொன்னேல்ல? நில்லு."

படியில் உட்கார்ந்து அழுதேன். எவனுக்குத் தெரிந்தால் என்ன.

அங்கேதான் குண்டு வந்து நின்றான். மருமகனோடு பாரம் தூக்குகிறவன். உடம்பு ஊதுவத்தி, பேர் குண்டு. விஷயத்தைச் சொன்னேன். "பெட்டி ஓடலைன்னா ஓட வைக்கணும் மாமா. அதுக்குப் போய் அழுவாங்களா?" என்றான்.

கடை மெக்கானிக்கைக் கையோடு அழைத்துக்கொண்டு ஆறு பேர் பிணவறைக்குப் போனோம். ஆஸ்பத்திரி அதிகாரி "வெளியாளுங்க தொடக்கூடாது" என்றார். எங்கள் பின்னாலேயே வந்துவிட்ட அக்கா அவர் அறை வாசலில் குறுக்கே உட்கார்ந்தாள். எங்கள் தெருப் பெண்களும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அதிகாரியால் வெளியே வர முடியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "சரி, சீக்கிரம் பாத்துட்டுப் போங்க."

பெட்டி ஓடுகிறது. மெக்கானிக் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "ஒரு வயரைப் பிடுங்கி விட்டிருந்தாங்க, அவ்வளவுதான்" என்றான்.

அவ்வளவுதானாம்! அடப்பாவிகளா. உயிரோடு இருந்தவனையும் விடல, செத்தவனையும் விடலையேடா.

பிப்ரவரி 20, வெள்ளி

வக்கீலம்மா போன் செய்தார். வெளியூர் டாக்டர்கள் மூன்று பேர் வந்து வீடியோ எடுத்துப் பரிசோதித்து முடித்துவிட்டார்கள். பதினேழு காயம். நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை. கொலை வழக்குப் பதியச் சொல்லி கோர்ட் உத்தரவு. இரண்டு போலீஸ்காரர்கள் கைது. இன்ஸ்பெக்டரைத் தேடி வருகிறார்களாம். அவர் வீடு ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், பச்சைக் கேட். வேண்டுமானால் நான் வழிகாட்டுகிறேன்.

தெரு முழுக்க என் கையைப் பிடித்துக் குலுக்கியது. சிங்கம் மாதிரி நின்றேனாம். நான் நிற்கவில்லை, அக்கா நிற்க வைத்தாள் என்றேன். எவரும் நம்பவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், அதைத்தான் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்று வாங்கிக்கொண்டோம்.

வண்டி வாசலில் நின்றது. படி குறுகல், கீழேயே வைத்து எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள் பெரியவர்கள். மேலிருந்து அக்கா, "என் பிள்ளை வீட்டுக்கு வரட்டும்" என்றாள்.

குண்டுவும் மற்ற பையன்களும் தோளில் பட்டை மாட்டினார்கள். வழக்கமாகச் சாமான் ஏற்றும் அதே பட்டை. நான் பின்னால் ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் குண்டு மெல்லச் சொல்லிக்கொண்டே போனான். "இடது பக்கம் பாத்து. கொஞ்சம் சாய்ச்சுக்க. விரல், விரல். ம், வரலாம்."

மூன்று மாடி. ஒரு சுவரிலும் இடிக்கவில்லை.