என் வலப்பக்கம் காலியாக இருக்கிறது

அன்பு மச்சான் வேலுவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். போன மழைக்காலக் காய்ச்சலில் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாய். அதன் பிறகு என் நாதஸ்வரம் ஒரு நாள்கூட ஒழுங்காக முடியவில்லை.

உன் இடத்துக்கு மாரியப்பன் வந்திருக்கிறான். திருநெல்வேலிக்காரன். ஹேடோ துறைமுகத்தில் வேலை கிடைத்து, மெட்ராஸ் கப்பலில் தவிலோடு நம் தீவில் வந்து இறங்கினான். கை சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே எனக்கு எரிச்சல். ஆனால் பல்லவியை விரித்துக்கொண்டே போய் முடிக்கலாமென்று நான் நினைக்கும்போது, அவன் இன்னொரு சுற்றுக்குக் கிளம்பிவிடுகிறான். இன்னும் கொஞ்சம் போகலாமென்றால் முடித்துவிடுகிறான்.

நீ எப்படிச் செய்தாய்? எங்கே முடிப்பேன் என்று எனக்கே தெரியாதே! ஊதிக்கொண்டே உன் பக்கம் கண்ணைத் திருப்புவேன், நீ மோவாயை லேசாக இறக்குவாய். இன்னும் ஒரு சுற்றுதான் என்று இரண்டு பேருக்கும் விளங்கிவிடும். இதை ஒரு நாளாவது பேசி வைத்தோமா?

வெள்ளிக்கிழமை டெலானிபூர் முருகன் கோயிலில் மானம் போயிற்று. நான் நிறுத்திய பிறகும் தவில் தனியாக ஓடியது. கோயில் கமிட்டிக்காரர் சிரித்துக்கொண்டே, "அரே ரத்தினம், இப்படியே போனா பங்குனி உத்திரத்துக்கு மேளம் வேணாம், மைக் செட்டுல ரெக்கார்டு போட்டுக்கலாம். டீக் ஹை, சரிதானே?" என்றார்.

வெளியே வந்ததும் மாரியப்பனைப் பிடித்துக் கத்தினேன். அவன் தவிலை இறக்கிவைத்தான்.

"அண்ணாச்சி, நான் இடக்கை வாசிப்பு. அதான் ஒங்க இடப்பக்கம்லா நிக்கேன். நீங்க வலப்பக்கம் திரும்பி யாரைப் பாக்கீக? ஒங்க பிடரியப் பாத்து நான் எப்படி முடிக்க?"

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால், உன் தங்கை அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு, "எங்கண்ணன் செத்தும் உங்களுக்குத் தவில் அடிக்கணுமா?" என்று சீறினாள். பிறகு அவளேதான் அழுதாள்.

நீ நின்ற இடத்தில் இப்போது யார் யாரோ ஈரக் குடையைச் சாத்திவைக்கிறார்கள், மச்சான். அந்தக் குடைகளைப் பார்த்தா இத்தனை மாதம் ஊதினேன்?

சரி, ஒப்புக்கொள்கிறேன். உத்திரத்தன்று இடப்பக்கம்தான் திரும்புவேன், மாரியப்பன் முகத்தைப் பார்த்துத்தான் முடிப்பேன். ஊதி முடித்து, நாதஸ்வரத்தின் சீவாளியைக் கழற்றித் துடைத்து வைத்த பிறகு ஒரே ஒரு தடவை உன் பக்கம் பார்ப்பேன். அதற்கு மட்டும் யாரும் என்னைக் கேள்வி கேட்கக் கூடாது.

இன்னும் கோபம் தீராத,
உன் தங்கை புருஷன்
ரத்தினம்