உடம்புச் சூடு

ஜூன் 11

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. போனில் உன் குரல் கேட்டால் வைத்துவிடுவேன் என்று தெரிந்துதானே காகிதத்தில் எழுதினாய்? கெட்டிக்காரி. எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்தேன். என் இடுப்பு மூட்டை மாற்ற உன் ஆஸ்பத்திரியிலேயே தேதி வாங்கிவிட்டாயாம். ஆபரேஷன் முடிந்து உன் வீட்டிலேயே இருக்கலாமாம். யாரைக் கேட்டு வாங்கினாய்?

எனக்கு மறதி கிடையாது. கல்யாணமான புதிதில் என் நல்ல சேலை மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு நீ வாசலில் பேசிக்கொண்டு நின்றது வரைக்கும் நினைவிருக்கிறது. அதைக்கூட விட்டுவிட்டேன். என் பிள்ளை செத்த அன்று நீ நின்றாயே ஒரு நிலை, அதை விடமுடியாது.

மழையில் மாடித் தகரத்தைச் சரிசெய்யப் போய் விழுந்தவனை, நீ நர்ஸாக இருக்கும் இடத்துக்கே தூக்கி வந்தோம். பெண்டாட்டி இருக்கிறாள், பிழைத்துவிடுவான் என்று நம்பினேன். என்னைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். ஈரச் சட்டையை வெட்டி எடுத்தார்கள். அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கதவு திறக்கும்போதெல்லாம் "குளிருதும்மா, குளிருது" என்று கேட்டது. உன்னையும் கூப்பிட்டான். நீ என்ன செய்தாய்? சலைன் பைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாய். கட்டின புருஷன் கையை ஒரு தரம் பிடித்தாயா? அந்தப் பைதான் பெரிசாகப் போய்விட்டதா உனக்கு?

அந்தக் கட்டடத்தில் என்னைப் படுக்கச் சொல்கிறாய். வேறு ஆளைப் பார்.

உன் மாமியார்
(உறவு விட்டுப்போகாததால் இப்படிப் போடுகிறேன்)


ஜூன் 19

அன்புள்ள அத்தை,

நீங்கள் எழுதியது அத்தனையும் நடந்ததுதான். நான் திரும்பி நின்றதும் உண்மை. ஏன் என்று அன்றைக்கே சொல்ல வந்தேன். "என் கண்ணு முன்னாடி வராதடி" என்றீர்கள். அப்புறம் எனக்கு வாய் வரவில்லை.

ரத்தம் நிறையப் போன உடம்பு தானாகச் சூடு பிடிக்காது, அத்தை. அதற்குள் சில்லென்ற சலைன் இறங்கினால் இன்னும் குளிர்ந்துபோகும். குளிர்ந்த உடம்பில் ரத்தம் உறையாது, கசிந்துகொண்டே இருக்கும். அதனால் சலைனை வெதுவெதுப்பாக்கித்தான் ஏற்ற வேண்டும். அதற்கென்று எங்களிடம் இருந்தது ஒரே மெஷின். அது மாடியில், ஆபரேஷன் அறையில், ஒரு பிரசவக்காரிக்கு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பைகள் ஏசி அறையில் கிடந்தவை. சுடுநீரில் போட்டு எடுத்தால் சூட்டின் அளவு தெரியாது, அதுவே ஆபத்து.

டாக்டர் என்னிடம், "நீ வெளிய போம்மா, உன்னால முடியாது" என்றார். வெளியே வந்தால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழலாம். உள்ளே நின்றால் ஏதாவது செய்யலாம். அக்குளில் இரண்டும், சட்டைக்குள் வயிற்றோடு ஒன்றுமாகப் பையை வைத்துக்கொண்டேன். அந்த அவசரத்தில் அது பெரிதாகச் சூடாகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் வைத்துக்கொண்டேன். அவர் கூப்பிட்டபோது திரும்பியிருந்தால் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருப்பேன்.

இப்போது கீழேயும் ஒரு மெஷின் வந்துவிட்டது. உங்களுக்கு ஏற்றுவதை நானே தொட்டுப் பார்த்து ஏற்றுவேன். வந்துவிடுங்கள், அத்தை. எனக்கும் உங்கள் பேத்திக்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

உங்கள் மருமகள்


ஜூலை 2

அம்மாடி,

பக்கத்து வீட்டுக்காரி "நான் வாசிச்சுச் சொல்றேன், குடுங்க" என்றாள். தரவில்லை. நானே படித்தேன். நாலு நாள் ஆனது.

நீ பொய் சொல்கிறவள் இல்லை. சேலை எரிந்ததைக்கூட நீயேதான் வந்து சொன்னாய். நம்புகிறேன். நம்பினதும் மனசு ஆறும் என்று நினைத்திருப்பாய். ஆறவில்லை.

உள்ளே உனக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. எனக்கு என்ன இருந்தது? கண்ணாடி. ஒரு பையைக் கதவு வழியாக நீட்டி, "இதை வயித்துல வச்சுக்குங்க அத்தை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவனைச் சுமந்த வயிறு அங்கேதானே சும்மா நின்றுகொண்டிருந்தது. சூடு ஏறாது என்கிறாய். ஏறாது என்று தெரிந்தும் நீ வைத்துக்கொண்டாய் அல்லவா? எனக்கும் அவ்வளவு கொடுத்திருந்தால் போதுமே.

உன்மேல் தப்பு என்று இதைச் சொல்லவில்லை. அந்த அவதியில் உனக்கு எப்படித் தோன்றும்? ஆனாலும் படித்ததிலிருந்து என் கை என்னை அறியாமல் வயிற்றுக்குப் போகிறது. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் போகிறது.

ஆபரேஷன் வேண்டாம். கோபம் இருந்தவரைக்கும் வந்தாலும் வந்திருப்பேன், உன்னை நேரில் நாலு கேள்வி கேட்கவாவது. இத்தனை வருஷம் உன்னைத் திட்டித்தான் காலத்தை ஓட்டினேன். எழுந்தால் உன்னைத் திட்டுவேன், படுத்தால் உன்னைத் திட்டுவேன். பிள்ளை போனதை நினைக்க நேரமே வைத்துக்கொள்ளவில்லை. அந்தத் திட்டையும் நீ பிடுங்கிக்கொண்டாய். இனி அவன் இல்லை என்பது மட்டும்தான் இந்த வீட்டில் இருக்கிறது. இப்போதுதான் செத்தவன் மாதிரி இருக்கிறான்.

இந்த நிலையில் உன் முகத்தைப் பார்த்தால் இரண்டு பேரும் அழுவோம், நிறுத்த ஆள் கிடையாது. தேதியை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. இடுப்பு கதவுக் கீல் மாதிரி கத்துகிறது, கத்தட்டும். பேத்தியை மட்டும் லீவுக்கு அனுப்பு. நீ வராதே. எழுதவும் எழுதாதே. எழுதினால் பதில் போட்டுவிடுவேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அவன் அம்மா