பெர்மெஸ்ஸோ கேட்ட ரயில்

உன் ரயில் படம் இன்று என் கைக்கு வந்துவிட்டது. நாங்கள் வேலை செய்த வீட்டுக்காரச் சின்யோரா முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். அவருடைய வீட்டுச் சாமான்களை ஒதுக்கிக் கொடுக்கப் போயிருந்தேன். தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு பெட்டி நிறைய வீடியோ கசெற்றுகள். அதிலே உன் ரயில் படக் கசெற்றைத் திறந்ததும் சூட்டோடு மினுக்கிய துணியின் வாசம் வந்தது. கசெற்றுக்கு ஏதடி அந்த வாசம் என்று கேட்பாய். எனக்கு வந்தது, அவ்வளவுதான். அட்டையில் தொப்பி போட்ட மீசைக்காரன் ரயில் படியில் நின்று என்னை முறைத்தான். சின்யோராவின் மகனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். போட்டுப் பார்க்க எங்கள் வீட்டில் மெஷின் இல்லை என்பதை என் மகள் சொல்லித்தான் நான் அறிய வேண்டும் என்றில்லை.

அந்த வீட்டில் வியாழக்கிழமை மத்தியானங்களில் நீ ஸ்திரிக்கைப் பெட்டியால் துணி மினுக்குவாய், நான் ஜன்னல் துடைப்பேன். சின்யோராவுக்குக் காது மந்தம் என்பதால் படம் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்தே ஓடும். மெக்சிக்கோவில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம். இத்தாலியனில் பேச வைத்திருந்தார்கள். ஒரு மூன்றாம் வகுப்புப் பெட்டி, அதற்குள் மூச்சுவிட இடமில்லாத சனம். கலியாண உடுப்போடு ஒரு பெண், ஒரு பாதிரியார், கோழிக்கூடையோடு ஒரு மனுஷி, யாரையோ தேடிப் பெட்டி பெட்டியாக நடக்கும் அந்த மீசைக்காரன். அப்போது நான் இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோவுக்கு வந்து எட்டு மாதம். நீ வந்து பதினொரு மாதம். அந்த மூன்று மாத மூப்பில் நீதான் எனக்கு மொழிபெயர்ப்பாளர்.

நீ சொன்ன கதைப்படி அந்த ரயிலில் போகிற ஒருவருக்கும் விசா இல்லை. அதற்கு உன்னிடம் சாட்சியும் இருந்தது. மீசைக்காரன் போகிற இடமெல்லாம் "பெர்மெஸ்ஸோ" என்றான். நமக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் தருகிற வதிவிட அனுமதி அட்டை. ஆகவே அவன் சிவில் உடுப்புப் பொலிஸ் என்றாய். கொஞ்ச நேரத்தில் கோழிக்காரியும் அதையே சொன்னாள், பாதிரியாரும் சொன்னார். நீ அசரவில்லை. இதுகளும் எங்களைப் போலத்தான், அனுமதி கேட்டுக் கேட்டுப் போகுதுகள் என்று கதையைத் திருத்தினாய். கலியாணப் பெண் அழுதபோது அவளுடைய பெர்மெஸ்ஸோ காலாவதியாகிவிட்டது என்று நீயும் மூக்கை உறிஞ்சினாய். ஒன்று மட்டும் உனக்குப் பிடிபடவில்லை. யார் கேட்டாலும் எதிரில் நின்றவர்கள் மறுபேச்சில்லாமல் விலகினார்கள். யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "மெக்சிக்கோவிலை நல்ல சனமடி."

அந்த நாட்களில்தான் எனக்குக் குவெஸ்தூராவிலிருந்து கடிதம் வந்தது. வரச் சொல்லியிருந்தார்கள் என்பது மட்டும் விளங்கியது. கூப்பிட்டுப் பிடித்துத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அனுப்பினால், யாழ்ப்பாணத்தில் அக்காவிடம் விட்டுவந்த ஐந்து வயது மகளை இங்கே கூப்பிடும் கனவு அத்தோடு சரி. கடிதத்தை அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டு, வராத கடிதம் போல நடந்துகொண்டேன். ஒரே அறையில் சமைத்துச் சாப்பிடும் இரண்டு பேர் அரிசிக்குள் எத்தனை நாள் ஒளிக்கலாம்? மூன்றாம் நாள் நீ சுண்டு நிறைய அரிசியோடு அதையும் அள்ளினாய்.

உனக்கும் அதை வாசிக்கத் தெரியாது. படத்தைத்தான் ஆதாரம் காட்டினாய். "கேட்ட ஒருத்தருக்கும் அங்கை இல்லையெண்டு சொல்லேல்லை. நீ கேக்காமலே அரிசிக்குள்ளை தாட்டு வைக்கிறாய்." அது படமடி என்றேன். படமெண்டாலும் ரயில் ரயில்தானே என்றாய். மறுநாள் கடிதத்தில் ஒட்டிய அரிசியைத் தட்டிவிட்டு உன் பின்னால் நடந்தேன்.

குவெஸ்தூரா வாசலில் நாற்பது பேராவது நின்றார்கள். நான் திரும்பி ஓடத் தோதான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். மீசைக்காரனைப் போலவே நெஞ்சை நிமிர்த்தி, "பெர்மெஸ்ஸோ, பெர்மெஸ்ஸோ" என்று நடந்தாய். இன்ன காரியமாக வந்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் அறிவிப்பதாகத்தான் உன் எண்ணம். சனம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு தாய் பிள்ளை வண்டியை இழுத்து வழி தந்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் கண்ணாடி ஜன்னலின் முன்னால் நின்றோம். உள்ளே இருந்தவர் என்ன வேண்டும் என்றார். "பெர்மெஸ்ஸோ" என்றாய். அந்த இடத்தில் அது சரியான விடையாகவும் இருந்துவிட்டது. கடிதத்தைப் பார்த்தார், என் விரலடையாளம் எடுத்தார், அட்டையை எடுக்க மூன்று வாரத்தில் வரச் சொன்னார். வெளியே வரும்போது அந்த நாற்பது பேரும் பார்த்த பார்வை இருக்கிறதே! நீ அவர்களுக்குக் கை வேறு காட்டினாய்.

அடுத்த வியாழன் சின்யோராவிடம் பெருமையாகச் சொல்லப்போய்த்தான் குட்டு உடைந்தது. சிரித்துச் சிரித்து அவருடைய பல்செட் கழன்றது. நெரிசலில் நடப்பவர்கள் சொல்கிற சொல்லாம் அது. வழி விடுங்கள் என்று அர்த்தமாம். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ ஸ்திரிக்கைப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாய். பிறகு தமிழில் எனக்கு மட்டும் சொன்னாய்:

"அதுக்கென்ன. நாங்களும் வழி விடச் சொல்லித்தானே கேக்கிறம்."

ஒன்றை நான் அன்று யோசிக்கவில்லை. உனக்கு அப்போது அப்படி ஒரு கடிதம்கூட வந்திருக்கவில்லை. கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாத நீ, எனக்காகப் பொலிஸ் கந்தோருக்குள் நடந்தாய். உன் அட்டை வர இன்னும் இரண்டு வருடம் ஆனது. அதற்குள் என் மகள் வந்துவிட்டாள். அவளுக்கும் நீ அதே ரயில் கதையை, ஒரு எழுத்தும் திருத்தாமல், சொல்லிக் கொடுத்தாய். உனக்குப் பயமாக இருக்கவில்லையா என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

போன மாசியில் உன்னைப் பெட்டியில் வைத்து மாதா கோயிலிலிருந்து கொண்டுபோனோம். பல்லரோவில் சந்தை மும்முரமாக நடக்கும் நேரம். கார் உள்ளே வர முடியாதென்று தோளில் தூக்கினார்கள். மீன் பலகைகள் பாதித் தெருவுக்கு நீண்டிருந்தன. கத்தரிக்காய்ப் பெட்டிகள் மீதிக்கு. முன்னால் நடந்த கறுப்புக் கோட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "பெர்மெஸ்ஸோ, பெர்மெஸ்ஸோ." மீன்காரர் வாள்மீன் தலையோடு பலகையை உள்ளே இழுத்தார். ஸ்கூட்டரில் வந்தவன் இறங்கி உருட்டினான். கூவிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடித் தொப்பியைக் கழற்றினார்கள். நான் சிரித்துவிட்டேன். அடக்க அடக்கத் தோள் குலுங்கியது. "அழாதேங்கோ அம்மா" என்று மகள் கட்டிப்பிடித்தாள். அழுகையும் வந்ததுதான். எது முதலில் வந்ததென்று தெரியவில்லை.

இன்று கசெற்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும், கதவடிவரை சனம். இருபது வருடமாக இந்த ஊரில் கதைக்கிறேன். ஆனாலும் அந்தச் சொல்லுக்கு வாயெடுக்கும்போது, அட்டையைக் காட்டு என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று நெஞ்சு ஒருதரம் திடுக்கிடும். உடனே மணிக்கட்டில் உன் பிடி தெரியும். சொன்னேன். முன்னால் நின்ற பெரிய மனிதர் வயிற்றை எக்கிக்கொண்டு ஒதுங்கினார்.

இஞ்சையும் நல்ல சனம்தானடி.