வெட்டும் மருத்துவருக்குக் காட்டாத ஸ்கேன் படம் குறித்து

அனுப்புநர்:
தையல் தொழிலாளி
(எலும்பு சிகிச்சைப் பிரிவில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கும் பேருந்து ஓட்டுநரின் மனைவி)

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்

பொருள்: என் கணவரின் காலில் கிருமி எங்கே இருக்கிறது என்று காட்டும் படத்தை, அந்தக் காலை வெட்டப்போகும் மருத்துவரிடமே மறைத்து வைத்திருப்பது குறித்துப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம் சொல்லும் மனநிலையில் நான் இல்லை. இருப்பினும் முறை கருதி வணக்கம்.

1. விபத்தில் முறிந்த என் கணவரின் வலது காலில், முழங்காலுக்குக் கீழே உலோகத் தகடு வைத்துத் திருகாணிகள் போட்டார்கள். எலும்பு கூடிய பிறகும் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. கணுக்கால் பக்கம் நீர் கசிந்தது. இரத்தத்தையும் கசிவையும் எத்தனை முறை சோதித்தாலும் கிருமி இல்லை என்றே முடிவு வந்தது. வலி வெறும் மனப்பிரமை என்றுகூட ஒரு மருத்துவர் சொன்னார். மனப்பிரமைக்கு நாற்றம் அடிக்குமா, ஐயா?

2. பிறகு தங்கள் ஆராய்ச்சிப் பிரிவினர் வந்து விளக்கினார்கள். தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிப்பதுபோல் கிருமிகள் தகட்டின்மேல் படலமாக ஒட்டிக்கொள்ளுமாம். அதனால்தான் சோதனையில் அகப்படவில்லையாம். படலம் இருக்கும் இடத்தில் அமிலத்தன்மை கூடும். அது பட்டதும் ஸ்கேனில் ஒளிரும் நானோ துகள்களை ஊசி வழியே செலுத்துவோம் என்றார்கள். மனம் குளிர்ந்து சம்மதித்தோம்.

3. ஸ்கேன் எடுத்தபோது நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். இயந்திரத்தை இயக்கிய தம்பி என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இங்க பாருங்க, கீழ ரெண்டு திருகாணிகிட்ட மட்டும்தான் எரியுது, மேல பூரா சுத்தமா இருக்கு" என்றார். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இப்போது கேட்டால், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் வேலைக்கு அவர் பயப்படுகிறார். அவரைத் தண்டிக்க வேண்டாம்.

4. அறுவை மருத்துவர் கூறியது: "எனக்கு எந்தப் படமும் வரலம்மா. கிருமி எதுவரைக்கும் ஏறியிருக்குன்னே தெரியல. முழங்காலுக்கு மேலயே எடுத்துடறதுதான் உயிருக்கு நல்லது." வருகிற திங்கள் காலை அறுவை சிகிச்சை.

5. ஆராய்ச்சித் தலைவி அம்மையாரிடம் ஓடினேன். "ஆராய்ச்சி முடியற வரைக்கும் சிகிச்சை பண்ற டாக்டர் படத்தைப் பார்க்கக்கூடாது, அதுதான் விதி. பார்த்துட்டு வெட்டினா எங்க படம் சரியா தப்பான்னு எப்படித் தெரியும்?" என்றார். கோபப்படாமல், சிரித்த முகமாகவே சொன்னார். கண்டுபிடிப்பதற்கென்றே ஒன்றை உடம்புக்குள் செலுத்திவிட்டு, கண்டுபிடித்ததைச் சொல்ல மாட்டோம் என்பது எந்த ஊர் நியாயம்?

6. ஆராய்ச்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தத் துகளைச் செய்தவர் எதிரே வந்தால் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். ஆனால் என் கணவர் பிரேக் மிதிக்கும் கால் அது. "இனிமே ஒத்தைச் செருப்பு போதும்டி" என்று வார்டில் எல்லாரையும் சிரிக்க வைக்கிறார். பயந்தால்தான் அவர் இப்படிப் பேசுவார், எனக்குத் தெரியும்.

7. தங்கள் அறை வாசலில் கால் கடுக்க நின்றேன். ஐயா கூட்டத்தில் இருக்கிறார் என்று உதவியாளர் விரட்டாத குறையாக அனுப்பினார். ஆகவே இதை எழுத்தில் தருகிறேன்.

ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கும் படத்தை இன்றே அறுவை மருத்துவரிடம் கொடுக்க உத்தரவிடுங்கள். அவர் பார்த்து முடிவெடுக்கும்வரை கத்தியை எடுக்க வேண்டாம். படத்தைப் பார்த்த பிறகும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்று அவர் சொன்னால், நான் வாயே திறக்க மாட்டேன்.

இன்று காலை ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒருவர் ஒரு தாளுடன் வந்தார். திங்களன்று வெட்டி எடுக்கும் காலை அவர்கள் பிரிவுக்கே தர வேண்டுமாம். அறுத்துப் பார்த்து, படம் சொன்ன இடத்தில் கிருமி இருந்ததா என்று சரிபார்ப்பார்களாம். அந்தத் தாளில் நான் கையெழுத்திடவில்லை. இதில் இடுகிறேன்.

இடம்: எலும்பு சிகிச்சைப் பிரிவு வராந்தா
நாள்: வெள்ளிக்கிழமை

(ஒப்பம்)
கால் இன்னும் இருக்கிற ஓட்டுநரின் மனைவி